சனி ஞாயிறு லீவு எடுத்த ஐந்து சுண்டெலிகள்

ஒரு மனிதரை விடாமல் எத்தனை மாதம் வெறுக்க முடியும் என்று யாராவது கேட்டிருந்தால், இருட்டக்கா யோசிக்காமல் பதினான்கு என்று சொல்லியிருப்பாள். அதற்கு மேலும் அவளால் முடியும். தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இருட்டக்கா என்பது வேலையிடத்தில் வந்த பெயர். விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் நிலையம் ஒன்றின் அடித்தளத்தில், இருட்டறையில், இருபத்தொரு வருடம் சுண்டெலிகளைப் பார்த்துக்கொண்டவள். அதற்கு முன்னால் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். அங்கே நீராவி, இங்கே இருட்டு. தன் முகத்தை நாலு பேர் பார்க்கிற வேலை தனக்கு எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது என்று சிரிப்பாள். ஆனால் அந்த அறையின் மேல் அவளுக்கு இருந்த பிரியம் சாதாரணமானதல்ல. இரண்டு கதவு, நடுவே கறுப்புத் திரை, உள்ளே போனால் மரத்தூள் வாசனையும் சக்கரங்கள் சுற்றும் சத்தமும். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு எலி, ஒரு சக்கரம். எந்தச் சக்கரம் கிறீச்சிடும், எது தட்டும், எந்த எலி ஓடி ஓடி நடுவில் நின்று மூச்சு வாங்கும், எல்லாம் காதிலேயே தெரியும். கையில் ஒரு மங்கலான சிவப்பு விளக்கு. எலியின் கண்ணுக்கு அந்தச் சிவப்பு ஏறக்குறைய இருட்டுதான்.

எலி ராத்திரியில் ஓடும், பகலில் தூங்கும் என்பது ஊரறிந்த விஷயம். ராத்திரி பகலே இல்லாத இடத்தில் விட்டால் அது எதை வைத்து எழுந்திருக்கும் என்பதுதான் அங்கே நடந்த ஆராய்ச்சி. அதன் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சம் வந்து திருத்தாவிட்டால் அது தினமும் இருபது நிமிடம் போல முந்தி ஓடும். இன்றைக்கு மாலை ஆறுக்கு எழுந்த எலி நாளைக்கு ஐந்து நாற்பதுக்கு எழும், மறுநாள் ஐந்து இருபதுக்கு. இதையெல்லாம் கம்ப்யூட்டர் சார்ட்டாகப் போட்டுத் தரும். ஒரு நாளைக்கு ஒரு வரி. சக்கரம் சுற்றிய நேரம் கறுப்பு, தூங்கிய நேரம் வெள்ளை. இருட்டில் விட்ட எலியின் சார்ட்டில் கறுப்பு வரிக்கு வரி இடப்பக்கம் நகர்ந்து, காற்றில் சாய்ந்த மழை மாதிரி இறங்கும். இருட்டக்கா எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், அதுவும் தமிழில். ஆனால் புதிதாக வரும் மாணவர்கள் சார்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றால், வாங்கித் திருப்பிக் கொடுப்பவள் அவள்தான்.

அந்த அறைக்குள் போவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் ஒரே நேரத்தில் போய்த் தீனி வைத்தால், எலி அதை வைத்தே மணி தெரிந்துகொண்டுவிடும். அதனால் ஒரு தகர டப்பா நிறைய நேரம் எழுதிய சீட்டுகள். காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் நடுவில் எது வேண்டுமானாலும் இருக்கும். கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். மறுநாள் அந்த நேரத்துக்குத்தான் உள்ளே போக வேண்டும். குறுக்கே யாரும் வந்துவிடக்கூடாது என்று சீட்டை முன்கூட்டியே கதவில் குத்தி வைப்பாள். வேலை முடிந்ததும் போன நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, சீட்டில் தேதி போட்டு, பேராசிரியர் மேடத்தின் கதவில் இருந்த தபால் துவாரத்துக்குள் தள்ளிவிடுவாள். சனி, ஞாயிறு, காய்ச்சல், எதற்கும் விலக்கு கிடையாது. மகளின் பள்ளி விழாவில் மகள் மேடை ஏறுகிற சமயம் எழுந்து ஓடியிருக்கிறாள்.

"நீ எப்ப வருவேன்னு எலிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எலிக்காவது அது ஆராய்ச்சி. நான் என்ன பாவம் பண்ணேன்?" என்பார் அவள் கணவர். பேருந்து ஓட்டுகிறவர், ஒரு நிமிடம் தாமதமானாலும் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்.

குட்டி டாக்டர் நான்கு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார். ஆள் ஒன்றும் குட்டையில்லை. மேடம் பெரிய டாக்டர் என்பதால் இவர் குட்டி. நன்றாகப் பேசுவார், நன்றாக உடுத்துவார், எல்லோரையும் அக்கா, அண்ணா என்பார். இருட்டறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம், ஒன்று அவரிடம்.

அவருடைய முதல் பெரிய சோதனை இருபத்து நான்கு எலிகளை எழுபது நாள் முழு இருட்டில் வைப்பது. பத்தொன்பது எலிகள் ஒழுங்காக நகர்ந்தன, சாய்ந்த மழை போல. மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஐந்து மட்டும் பன்னிரண்டு நாள் மற்றவற்றோடு வந்துவிட்டு, மதியம் இரண்டு மணியை எட்டியதும் அங்கேயே நின்றுவிட்டன. அதற்கப்புறம் இரண்டு மணிக்கு முன்பின்னாகத்தான் எழுந்தன, யாரோ தட்டி எழுப்புகிற மாதிரி.

இருபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் குட்டி டாக்டர் இதற்குக் காரணம் சொன்னார். இருட்டக்கா சுவரோரம் நாற்காலியில் இருந்தாள்.

"காரணம் சிம்பிள். சீட்டு பார்த்து வர்றது அக்காவுக்கு சிரமமா இருந்திருக்கும். சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு உள்ள போயிடறாங்க. வெளி லைட் எரியறப்பவே கதவத் தெறந்திருப்பாங்க. பாவம், வயசாகுதில்ல."

"நான் போன நேரமெல்லாம் புத்தகத்துல எழுதியிருக்கேன் சார்."

"எழுதறதுக்கு என்னக்கா. பேனா இருந்தா யார் வேணா என்ன வேணா எழுதலாம்."

யாரோ சிரித்தார்கள். மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் மேடம் கையெழுத்துப் போட்ட எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அவளைக் கூண்டு கழுவும் அறைக்கு மாற்றினார்கள்.

வயசாகுதில்ல என்றதைக்கூட விட்டுவிடுவாள். ஐம்பத்திரண்டு என்பது உண்மைதானே. பொய் நேரம் எழுதினாள் என்றதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. இருபத்தொரு வருடம். மகள் மேடையில் கையை ஆட்டியபோது அவள் பாதி வழியில் இருந்தாள்.

சில மாதம் கழித்து கட்டுரை அச்சில் வந்தது. வேறு மொழி. மகள் அதைப் படித்து, ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

"என்னடி, சொல்லு."

"ஒண்ணுமில்லம்மா."

"அதான் மூஞ்சிலயே எழுதியிருக்கே. சொல்லு."

"'பராமரிப்பு ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் ஐந்து எலிகளின் பதிவுகள் நீக்கப்பட்டன'ன்னு போட்டிருக்கு."

இருட்டக்கா அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிலிருந்து மனசுக்குள் குட்டி டாக்டர் 'அவன்' ஆனார். வாயில் மட்டும் சார்.

கழுவும் அறையில் ஒரு பெரிய இயந்திரம். அழுக்குக் கூண்டுகளை ஒரு வாயில் போட்டால் மறுவாயில் கொதிக்கக் கொதிக்க வரும். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் கத்த வேண்டும். இது அவளுக்கு வசதியாக இருந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் உரக்கச் சொல்லுவாள், யாருக்கும் கேட்காது. கையில் தோல் உரிந்தது. "கழுவுறக்கா" என்று ஒரு மாணவன் விளையாட்டாகக் கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்புறம் கூப்பிடவில்லை. மதியம் சில நாள் குட்டி டாக்டர் அந்தப் பக்கம் போவார். "எப்படி இருக்கீங்கக்கா? இங்க வேலை கொஞ்சம் ஈஸி, இல்ல?" என்பார். உண்மையிலேயே அன்பாகத்தான் கேட்பார். அதுதான் தாங்கவில்லை.

அவர் காலில் கொதிக்கிற கூண்டு விழுவதை அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். எதுவும் போதவில்லை. கால் ஆறிவிடும்.

ஆறாவது மாதம் சோப்புப்பொடி மூட்டை எடுக்கப் பக்கத்துச் சரக்கறைக்குப் போனாள். முடிந்த சோதனைகளின் சார்ட்டுகளைப் பெட்டி பெட்டியாக அங்கேதான் போடுவார்கள். அந்த எழுபது நாளின் பெட்டி மேலேயே இருந்தது. நீக்கிய ஐந்து எலிகளின் தாள்களும் அதற்குள்ளேயே கிடந்தன. தூக்கி எறியக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐந்து தாள்களையும் கழுவும் அறைக்கு எடுத்து வந்து காய்ந்த கூண்டுகளின் மேல் விரித்தாள். இரண்டு மணி இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் பயம்தான் வந்தது. ஒருவேளை நானேதானோ? ஏதாவது ஒரு நாள் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருப்பேனோ? ஆறு மாதமாக எல்லோரும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தால் சொன்னவர்கள் மேல் கோபம் இருக்கிற அளவுக்குத் தன்மேல் சந்தேகமும் வளர்ந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்து அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ஒவ்வொரு தாளிலும் இரண்டு மணிக்கு வெள்ளை ஓட்டை இருந்தது, நாற்பது நிமிட அகலத்துக்கு. எலி எழுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே வெளிச்சம் பட்டால் சட்டென்று சக்கரத்தை விட்டு இறங்கிவிடும். அது ஓடத் தொடங்குகிற வேளையில் பட்டால், இன்னும் பொழுது சாயவில்லை என்று எண்ணிக்கொண்டு மறுநாள் அந்த அளவுக்குத் தாமதமாகவும் எழும். தினமும் இருபது நிமிடம் முந்துவதை தினமும் யாரோ வெளிச்சம் காட்டிப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அதனால்தான் ஐந்தும் நின்ற இடத்திலேயே நின்றன. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயம். தெரியாதது அதற்கு அடுத்தது.

வெள்ளை ஓட்டை தொடர்ந்து இல்லை. ஐந்து வரிக்கு இருந்தது, இரண்டு வரிக்கு இல்லை. அந்த இரண்டு நாளும் எலிகள் இருபது இருபது நிமிடமாக முன்னால் நழுவின. மூன்றாம் நாள் மறுபடி ஓட்டை, மறுபடி பின்னால் இழுப்பு. வாரா வாரம் அப்படியே. ஓரத்தில் இருந்த தேதிகளை விரல்விட்டு எண்ணினாள். சனி. ஞாயிறு.

எலிகள் சனி ஞாயிறு லீவு எடுத்திருக்கின்றன. அவளோ எழுபது நாளில் ஒரு ஞாயிறும் எடுத்ததில்லை.

ஆறு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் இருட்டக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. நடுவில் ஒன்பது நாள் சேர்ந்தாற்போல ஓட்டையே இல்லாமல், ஐந்தும் விடுதலையாக இடப்பக்கம் நழுவியிருந்தன. அந்த ஒன்பது நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குட்டி டாக்டர் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போய், வரும்போது எல்லோருக்கும் சாக்லேட் கொண்டுவந்தார். அவளுக்கும் இரண்டு கொடுத்தார். தின்றிருந்தாள்.

தீனி வாளியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாவது அலமாரிக்குப் பின்னால், சுவரோரம், அது அடிக்கடி கவிழ்ந்து கிடக்கும். தானே கவிழ்த்து வைத்திருப்போம் என்று நினைத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவாள். கவிழ்த்த வாளி உட்காருவதற்கு வாகான உயரம். அங்கே உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே கீழ்த்தட்டு, அந்த ஐந்து கூண்டு. வெளியே வெயில், உள்ளே குளிர்ச்சி, ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. சாப்பிட்ட பிறகு நாற்பது நிமிடம் நிம்மதியாக இருக்க அந்தக் கட்டடத்திலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது. அவள் எப்போது வருவாள் என்றுதான் கதவிலேயே சீட்டு குத்தியிருக்கிறதே.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கே போய் மேடம்கிட்ட காட்டு. தனியா கூப்பிட்டு அமைதியா சொல்லு. கடிதத்த வாபஸ் வாங்கிடுவாங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"அவன் என்னைத் தனியா கூப்பிட்டு அமைதியாவா சொன்னான்?"

"இந்தா பாரு, என் வண்டில தினம் நாலு பேரு என்னைத் திட்றாங்க. நான் எல்லாத்தையும் மனசுல வெச்சுக்கிட்டா வண்டி ஓட்ட முடியுமா?"

"உங்களத் திட்றவன் அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவான். இவன் அச்சுல போட்டிருக்கான்."

அவர் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். "உன்ன பகைச்சிக்கிட்டவன் நெலம என் எதிரிக்கும் வரக்கூடாது," என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

காத்திருப்பதற்கு ஒரு இடம் வேண்டுமே. அதுவும் கிடைத்தது. நிலையத்தில் விலங்கு நலக் கமிட்டி என்று ஒன்று உண்டு. புதிய சோதனை எதுவானாலும் அதன் முன்னால் வைத்துத்தான் அனுமதி வாங்க வேண்டும். விதிப்படி அதில் பராமரிப்பு ஊழியருக்கு ஒரு இடம். பத்து வருடமாக முயல் பிரிவுக்காரர் அதில் உட்கார்ந்து அலுத்துப் போயிருந்தார்.

"உனக்கு எதுக்கும்மா இது? பிஸ்கட் குடுப்பாங்க, கையெழுத்து வாங்குவாங்க. வாயே தெறக்க வேண்டியிருக்காது," என்றார்.

"பிஸ்கட்டுக்குத்தாண்ணா," என்றாள் அவள்.

ஐந்து கூட்டத்தில் பிஸ்கட் தின்றாள், கையெழுத்துப் போட்டாள், வாயைத் திறக்கவில்லை. ஆறாவது கூட்டத்தின் காகிதத்தில் குட்டி டாக்டரின் பெரிய திட்டம் இருந்தது. நாலு இருட்டறை, இருநூறு எலி, அவற்றுக்கெல்லாம் பொறுப்பாளராக அவரே. அந்தப் பொறுப்போடு நிரந்தர வேலையும் வரும். முந்தின நாள் மாலை மகள் ஐந்து தாள்களையும் பெரிதாக்கி அச்செடுத்துத் தந்தாள். அம்மா அவற்றைத் திரும்பத் திரும்ப அடுக்குவதைப் பார்த்து, "வேணாம்னா விட்டுடலாம்மா," என்றாள். "பயத்துல இல்லடி இது," என்றாள் இருட்டக்கா. கொஞ்சம் பயமும்தான்.

அதே கூட்ட அறை. இந்தத் தடவை அவளுக்கு மேசையிலேயே இடம். மேடம் தலைமை; வெளியிலிருந்து வந்த உறுப்பினர்கள் இருவர்; சுவரோர நாற்காலிகளில் மாணவர்கள். குட்டி டாக்டர் அழகாகப் பேசி முடித்தார். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்றார் மேடம், காகிதத்தை மூடிக்கொண்டே.

"எனக்கு ஒண்ணு இருக்கு மேடம்."

எல்லோரும் திரும்பினார்கள். குட்டி டாக்டர் சிரித்தார். "கேளுங்கக்கா."

"எலிக்கு ஞாயித்துக்கெழமை தெரியுமா சார்?"

மாணவர்கள் பக்கம் கலகலப்பு. அவரும் சிரித்துக்கொண்டே, "தெரியாதுக்கா," என்றார்.

"இந்த அஞ்சுக்கும் தெரிஞ்சிருக்கே." தாள்களை மேசையில் பரப்பினாள். "வாரத்துல அஞ்சு நாள் ரெண்டு மணிக்கு ஓட்டத்த நிறுத்தியிருக்கு. சனி ஞாயிறு நிறுத்தல. நான் சனி ஞாயிறும் வந்தவ. நான்தான் வெளிச்சத்த விட்டேன்னா, அன்னைக்கும் நின்னிருக்கணுமே."

வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர், தலை நரைத்த அம்மாள், தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். "இந்த ஒன்பது நாள் என்ன?" என்றார், விரலை வைத்து.

"சாரைக் கேளுங்கம்மா. அப்ப சார்தான் ஊர்ல இல்ல."

குட்டி டாக்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். "இதெல்லாம் தற்செயலா இருக்கலாம். அக்கா சனி ஞாயிறு வேற நேரத்துல வந்திருப்பாங்க. வார நாள்ல ரெண்டு மணிக்கு..."

இதற்காகத்தான் அவள் இத்தனை மாதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வார நாள்ல ஒரு நாள் ரெண்டு மணிக்குப் போனேன் சார். நாப்பத்தோராவது நாள், புதன்கெழம. சீட்டு அப்படி வந்துச்சு, கதவுல குத்தியிருந்தேன். அந்தச் சீட்டு மேடம்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு உள்ள போயி நாப்பது நிமிஷம் எல்லாக் கூண்டையும் சுத்தம் பண்ணேன். நாப்பத்தோராவது வரியப் பாருங்க."

நரைத்த அம்மாள் எண்ணினார். மேடமும் எழுந்து வந்து எண்ணினார். ஐந்து தாளிலும் நாற்பத்தோராவது வரி ஓட்டையில்லாமல், இரண்டு மணியைத் தாண்டி கறுப்பாக ஓடியது.

"நான் உள்ள இருந்த அன்னைக்கு எலிக்கு எந்தத் தொந்தரவும் இல்ல," என்றாள் இருட்டக்கா. "சீட்டப் பார்த்துட்டு யாரோ அன்னைக்கு வரல. ஓட்டை இருக்கிற நாளெல்லாம் வெளிச்சத்தோட உள்ள யாரோ இருந்திருக்காங்க. சாவி ரெண்டுதான். எந்த வெளிச்சம்னு எனக்குத் தெரியாது."

"அதுல அப்படி ஒண்ணும் வெளிச்சம் வராது," என்றார் குட்டி டாக்டர் வேகமாக. "நான் எப்பவும் பிரைட்னஸ்ஸ குறைச்சுத்தான்..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் எதைக் குறைத்தார் என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. மேசையில் அவருக்கு முன்னால் போன் கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவர் கையை நீட்டி அதைக் கவிழ்த்து வைத்தார்.

இருட்டக்கா இந்த நொடியை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருந்தாள். நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. வெற்றி கிடைத்தால் மனசு வெறுமையாகிவிடும் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. சுத்தமான தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

திட்டம் அன்றே தள்ளுபடியானது. அடுத்த வாரம் மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எச்சரிக்கைக் கடிதத்தை அவள் முன்னாலேயே கிழித்தார். "அவர் பேச்ச நம்பிட்டேன்மா," என்றார்.

"என் சீட்டெல்லாம் உங்ககிட்டதானே இருந்துச்சு மேடம். ஒரு தடவ எடுத்துப் பார்த்திருக்கலாம்."

மேடம் கிழித்த துண்டுகளைக் குப்பைக்கூடையில் போட்டார். அவரையும் விடுவதாக அவளுக்கு எண்ணம் இல்லை. கட்டுரையில் இருக்கும் வரிக்கு என்ன வழி என்று கேட்டாள். திருத்தம் வெளியிடச் சொல்லியாகிவிட்டது, குட்டி டாக்டரே எழுத வேண்டும் என்றார் மேடம்.

"எழுதினத நான் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் போகணும்."

"அது வழக்கமில்லம்மா."

"என்னைக் கேட்காம என்னப் பத்தி எழுதறதுதான் வழக்கமா?"

மேடம் ஒத்துக்கொண்டார்.

இருட்டறைச் சாவியை உடனே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். திருத்தம் போகட்டும், அப்புறம் வருகிறேன் என்று கழுவும் அறையிலேயே இருந்துகொண்டாள். அவன் அங்கே தேடி வரட்டும் என்பது கணக்கு. வந்தார். முதல் தாளில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று இருந்தது. திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது தாளில் 'ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவரால்' என்று இருந்தது. அந்த ஒருவர் யார் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் கணவர், "போதும் விடும்மா, ஆள் வேலைய விட்டே போறானாம்," என்றார். மகள் மட்டும் விடச் சொல்லவில்லை. விரல் வைத்துக் காட்டியவள் அல்லவா.

மூன்றாவது தடவை வந்தபோது மதியம். அறை வாசலில் கூண்டு தள்ளுவண்டிகளோடு நாலு பேர் வரிசையில் நின்றார்கள். முயல் பிரிவுக்காரரும் இருந்தார். குட்டி டாக்டர் முகம் வாடியிருந்தது, சட்டை கசங்கியிருந்தது. தாளை நீட்டினார்.

"எனக்கு இந்த பாஷை படிக்க வராதே சார். நீங்களே படிங்க. தமிழ்ல சொல்லுங்க."

அவர் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். "அக்கா, அப்புறம் தனியா..."

"எனக்கு அடுத்த சுத்து போடணும் சார். படிங்க."

அவர் படித்தார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்கல சார்."

"ஐந்து எலிகளின் பதிவுகள் கெட்டுப்போனது பராமரிப்பு ஊழியரால் அல்ல," என்றார் அவர், குரலை உயர்த்தி. வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இந்தக் கட்டுரையை எழுதிய நான், தினமும் மதியம், அனுமதியில்லாமல், இருட்டறையில் உட்கார்ந்து போன் பார்த்ததால் கெட்டுப்போனது. ஊழியர் எழுதி வைத்த நேரங்கள் அனைத்தும் சரியானவை. அவர்மேல் பழி சுமத்தியது நான்."

காது நுனி வரை சிவந்திருந்தார். முயல் பிரிவுக்காரர் வண்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருட்டக்கா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். தாளை வாங்கி, தலைகீழாக இல்லாமல் சரியாகப் பிடித்து, எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். பார்த்தாள்.

"எழுதி வைத்த நேரங்கள்னு வருதே, அந்த எடத்துல மெஷின் சத்தம் குறுக்க வந்துடுச்சு சார்," என்றாள். "முதல்லேர்ந்து இன்னொரு தடவ படிங்க."